பாப்பா பாத்துட்டா

பெங்களூரில் எங்கள் ஸ்ரீராம்புரம் சந்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. பெயரைச் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆண்களுக்கு வாட்டர்மேன், பெண்களுக்குத் தண்ணி அண்ணன்.

வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டார். பதினாறு வருஷம் எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன், ஒரு டம்ளர் காபி கேட்டதில்லை. சொல்லவும் மாட்டார். கால் வலித்தால் நொண்டுவார், வலிக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. தங்கமான மனுஷன் என்று சந்தில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் குணத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரோடு நான் முதலில் பேசியதே சண்டைதான். எங்கள் வீடு சந்தின் மேட்டு முனையில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் காவேரித் தண்ணீர் வரும். கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொள்வார்கள், எங்கள் குழாயில் காற்றுதான் வரும். நான் கார்மெண்ட்ஸில் தைக்கிறவள். எட்டரைக்கு வாசலைத் தாண்டியாக வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் காலிக் குடத்தோடு ரோட்டுக்கே போய்விட்டேன். அவர் ரோட்டிலிருந்த இரும்பு மூடியைத் திறந்து, ஆள் உயரச் சாவியை உள்ளே விட்டுத் திருகிக்கொண்டிருந்தார்.

"இன்னாணா, கீழ் ஊட்டுக்காரங்க மட்டுந்தான் குளிப்பாங்களா? நாங்க நாறிக்கினே வேலைக்குப் போணுமா?"

அவர் சாவியை இன்னொரு சுற்றுத் திருகினார்.

"பொம்பள இந்தக் கத்து கத்துறேன், காதுல விழல? இல்ல காதுக்கும் வால்வு வெச்சி மூடிட்டியா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன். அடுத்த முறை தண்ணீர் முதலில் எங்கள் முனைக்கு வந்தது. எங்கள் பக்கத்து வால்வைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் கீழ்ப்பக்கத்தைத் திறந்திருக்கிறார். அதற்காகக் கீழ்ப்பக்கத்துக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

மகள் ஏழாவது படிக்கும்போது அவர் மனைவி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். மகளைப் பாப்பா என்பார். நாங்களும் பாப்பா என்றே கூப்பிட்டோம். அப்பனுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். "அப்பாவுக்குக் கடைக்குப் போணுமாம், கொடை வேணுமாம்" என்று அவள் உள்ளேயிருந்து குடையோடு வருவாள். அவர் கேட்டிருக்கமாட்டார். அவளுக்குத் தெரியும்.

எல்லோர் கையிலும் போன் வந்ததும் அவர் பாடு திண்டாட்டமானது. விடிந்ததும் நாற்பது பெண்கள் அவருக்குப் போன் போடுவார்கள். "அண்ணா, நீரு யாவாக பருத்தே?" என்று ஜெயம்மா கன்னடத்தில் கத்துவாள். தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல அவர் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் போனுமாக நிற்பார். சொல்லவும் வராது, வைக்கவும் தெரியாது.

பாப்பாதான் வழி கண்டுபிடித்தாள். அப்போது காலேஜ் கடைசி வருஷம். "அப்பா, நீ போன எடுக்காத. வால்வத் தொறந்ததும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுடு. வேணுங்கிறவங்க பாத்துக்கட்டும்" என்றாள். வீடு வீடாகப் போய் எல்லாருடைய போனிலும் அவர் நம்பரை, அவர் போனில் எல்லாருடைய நம்பரையும் ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து சந்தில் சத்தம் நின்றது. விடிந்ததும் போனை எடுத்துப் பார்ப்போம். வால்வுக் குழியின் படம் இருந்தால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்கு அது தோதாக இருந்தது. வாய் பேசாமல் ஊருக்கே சேதி சொல்லிவிடலாம்.

பாப்பாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. தினமும் போய்வர முடியவில்லை என்று அங்கேயே ஒரு பி.ஜி. விடுதியில் தங்கினாள். வாரம் ஒரு முறை வந்தாள். பிறகு மாதம் ஒரு முறை. கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு ஜாதி, தெலுங்கு பேசுகிறவன். வீட்டில் சொல்லவில்லை.

அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்றால், பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்கிறவன் ஒருத்தன் போனை நீட்டி, "இன்னா தலைவா, கல்யாணத்துக்கு எங்களையெல்லாம் கூப்பிடவே இல்ல?" என்று கேட்டிருக்கிறான். பாப்பாவின் சிநேகிதி ஃபேஸ்புக்கில் போட்ட படம். மாலையும் கழுத்துமாகப் பாப்பா. இருநூறு பேர் அதற்கு வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தார்கள். பெற்றவர் இருநூற்று ஒன்றாவது ஆளாகப் பார்த்தார்.

அந்தப் பையனைப் பற்றி அவர் ஒருபோதும் தப்பாகப் பேசியதில்லை. ஜாதியைப் பற்றியும் பேசியதில்லை. பேக்கரியில் நாலு பேர் நடுவில் இன்னொருத்தன் போனில் பார்க்க வேண்டி வந்ததே, அதுதான் அவருக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து, ஊரில் இருக்கிற தன் அண்ணனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "எனக்குப் பொண்ணே இல்ல. எம் பொண்டாட்டி செத்தன்னிக்கே அவளும் செத்துட்டா. இனிமே எவனும் அவ பேச்ச எங்கிட்ட எடுக்கக்கூடாது."

அண்ணனுக்கு அனுப்புவதாக நினைத்து, அண்ணனும் இருந்த குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். பாப்பாவும் அதில் இருந்தாள். கேட்டாள். பத்து நிமிஷத்தில் குரூப்பை விட்டு வெளியே போய்விட்டாள்.

அப்பன் வீட்டுக்குள் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், சாயங்காலத்துக்குள் யாராவது சோற்றைப் போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்திருப்போம். சொன்ன வார்த்தை அந்தச் சுவரோடு போயிருக்கும். இது போகவில்லை. அந்த வாய்ஸ் இன்னும் அந்த குரூப்பில் கிடக்கிறது. எப்போது அமுக்கினாலும் அன்றைய கோபத்தோடு அதே மாதிரி பேசும்.

அதற்கப்புறம் நாலு வருஷம் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் கேட்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்காகப் பேச வேறு ஆளும் இல்லை.

ஆனால் தண்ணீர்ப் படம் தவறாமல் வந்தது.

ஒரு நாள் மாவு அரைத்துக்கொண்டு வரும்போது பார்த்தேன். மூடிய வால்வுக் குழி மேல் உட்கார்ந்துகொண்டு போனில் எதையோ விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்கிற பட்டியல்.

"இன்னாணா, எத்தன பேரு பாத்தாங்கன்னு எண்றியா? பெரிய சினிமா ஸ்டாரா நீ?"

சட்டென்று போனைக் கவிழ்த்தார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஒரு வட்டப் படத்தின் மேல் அவர் கட்டைவிரல் நின்றிருந்தது. பாப்பா.

எலெக்ட்ரானிக் சிட்டியில் டேங்கர் தண்ணீரில் குளிக்கிறவளுக்கு ஸ்ரீராம்புரத்தில் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஆனாலும் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பார்த்தாள். நம் நம்பரை அழிக்காமல் வைத்திருப்பவர்களுக்குத்தான் நம் ஸ்டேட்டஸ் தெரியும். இதை எனக்குச் சொன்னது என் மகன். அவருக்கு எப்படித் தெரிந்ததோ, தெரிந்திருந்தது.

ஒரு கோடையில் தண்ணீரே வரவில்லை. பத்து நாள். அப்போதும் அவர் படம் போட்டார். சுவரில் சாய்த்து வைத்த சாவி. படம் வந்ததும் பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். குழாயில் ஒன்றுமில்லை. ஜெயம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை. "எங்கள வெச்சி தமாஷ் பண்றியா? தண்ணி இல்லாதப்ப எதுக்குய்யா போட்டோ?" என்று எல்லாரும் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சாவிப் படம். நாற்பது பேர் திட்டினாலும் பரவாயில்லை, ஒருத்தி பார்க்க வேண்டும். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பாப்பாவும் ஸ்டேட்டஸில் படம் போடுவாள். ஒரு நாள் அவரே என் வாசலுக்கு வந்தார். வரவே மாட்டாரே என்று எழுந்து நின்றேன். போனை நீட்டினார். பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார்ந்திருக்கிற குழந்தை. ஏழெட்டு மாதம் இருக்கும். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"பாப்பாவுக்குப் பொறந்ததா?"

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "தண்ணி கலங்கலா கீது. போர் தண்ணி. கொழந்த ஒடம்புக்கு ஆகாது" என்றார். "காய்ச்சி ஊத்தச் சொல்லு."

"நான் யாருகிட்டணா சொல்றது? நம்பரு உங்கிட்டதான கீது? அமுக்கிச் சொல்லு. 'கொழந்தைக்கு வெந்நி போடு'ன்னு சொல்ல வாய் வலிக்குதா?"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிரே தன் வீட்டுக்குள் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. அவள் மேலும்தான். பார்க்கத் தெரிகிறது, போட்டோ போடத் தெரிகிறது, ஒரு பஸ் ஏறி வரத் தெரியாதா? யார் முதலில் இறங்குவது என்று இரண்டு பேரும் பந்தயம் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தார்கள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. எப்போதும் தண்ணீரில் நிற்கிற கால். பாதத்தில் புண் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். எத்தனை நாளாகவோ. நாற்றம் வந்த பிறகுதான் நாங்கள் கேட்டோம். நான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெட்டில் படுக்க வைத்ததும் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கித் தண்ணி நாளு."

"பதில் ஆள் வருவான்ணா. காலு அழுகிக் கெடக்குது, நீ தண்ணியப் பேசுற."

"அவன் தொறப்பான். படம் போடமாட்டான். நீ போட்டுடும்மா."

"எதுக்குப் போடச் சொல்றன்னு எனக்குத் தெரியாதா? பேசாம பாப்பாவுக்கு ஒரு போன் பண்றேன்."

"வேணாம்." இவ்வளவு வேகமாக அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. "வேலக்கிப் போற பொண்ணு. கைக்கொழந்த வேற. பயந்துடுவா. தண்ணிய மட்டும் போடு. வேற எதுவும் போடாத."

போட்டேன். எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து, அடியில் பக்கெட் வைத்து, தண்ணீர் விழுவதைப் படம் எடுத்து அவர் போனில் போட்டேன். அவர் கிடக்கிற பெட்டை ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தால் அவள் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றிருப்பாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

நாலாவது நாள், ஒரு காலையே எடுக்க வேண்டும் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே. கூட இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று நர்ஸம்மா காகிதத்தை நீட்டினாள். "நீங்க பேஷண்டுக்கு என்ன ஆவணும்?"

அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. பார்த்தார். நான் "தங்கச்சி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த இடத்தில் நான் போனை எடுத்திருக்க வேண்டும். ரத்த சொந்தம் இருபது கிலோமீட்டரில் இருக்கும்போது எதிர்வீட்டுக்காரி எதற்குப் பொய்க் கையெழுத்துப் போட வேண்டும்? அவர் வேண்டாம் என்றதால்தான் கூப்பிடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். மீதிப் பாதி என் கோபம். அவளே கேட்கட்டும் என்று நினைத்தேன். நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, ஒரு நாளாவது எப்படி இருக்கிறாய் என்று அவளாகக் கேட்கட்டும், அப்போது எல்லாவற்றையும் சொல்லி நாலு கேள்வி கேட்கலாம் என்று காத்திருந்தேன்.

தினமும் வேலை முடிந்து சாயங்காலம் போவேன். உள்ளே நுழைந்ததும் கேட்பார்.

"பாத்தாளா?"

என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். தண்ணீர் வந்த நாளில் பட்டியலைத் திறந்து காட்டுவேன்.

"பாப்பா பாத்துட்டா ணா. காலையில ஏழு இருவதுக்கு."

கண்ணை மூடிக்கொள்வார். கால் போன துக்கம்கூட அந்த நேரத்தில் முகத்தில் இருக்காது. அதைப் பார்த்து நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

பதினெட்டு நாள் இருந்தார். ஒன்பது படம் போட்டேன். ஒன்பதையும் அவள் பார்த்தாள். ஒன்பதாவது படம் போட்ட அன்று, நான் மிஷினில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்காது, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். போனபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

வராந்தாவில் நின்று அவர் போனை எடுத்துப் பாப்பாவைக் கூப்பிட்டேன். என் போனிலிருந்து கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் நம்பர் என்னிடம் இல்லை. யோசிக்கவும் தோன்றவில்லை. முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

"அப்பா!"

அந்தக் குரலை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அப்பா, நானே பண்ணணும்னு இருந்தேன்ப்பா. நீ எதுவும் சொல்ல வேணாம், சும்மா லைன்ல இரு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்ப்பா... கண்ணு, இங்க வா, யாரு பாரு, தாத்தாடி, தாத்தா சொல்லு..."

குழந்தை போனில் மூச்சு விடுவது கேட்டது. "தா" என்றது. திரும்பவும் "தா" என்றது.

அவர் பேசமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நான் பேசாமல் நின்றது அவளுக்கு வித்தியாசமாகவே படவில்லை. குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். நாலு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"பாப்பா, அப்பா இல்லம்மா. நான் எதிர்வீட்டு அக்கா."

அந்தப் பக்கம் குழந்தைச் சத்தம் மட்டும். பிறகு அவள் சொன்னாள்: "இல்லக்கா. காலையிலகூடத் தண்ணி விட்டாரே. நான் பாத்தேனே."

வந்தாள். புருஷனும் குழந்தையும் வந்தார்கள். எடுக்கும் வரை அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். போர்வையில் ஒரு கால் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்ததைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். எப்போது எடுத்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன். மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பாள் போலிருக்கிறது, முகம் மாறியது. சந்தே அதற்குள் அவர் படத்துக்கு மாலை போட்டு ஸ்டேட்டஸில் வைத்துவிட்டிருந்தது. சாவிப் படத்துக்கு அவரைத் திட்டிய ஜெயம்மாவும் வைத்திருந்தாள், இரண்டு கண்ணீர்ப் பொம்மையோடு.

மூன்றாம் நாள், கூட்டம் போன பிறகு, பாப்பா என் வீட்டுக்கு வந்தாள். அவளைக் கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் என் தொண்டையில் தயாராகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வேறு வந்தது.

"அந்தப் படம் எல்லாம் நான் போட்டதுடி. உங்கப்பன் போடல. ஆஸ்பத்திரில கெடந்தாரு, நான்தான் போட்டுக்கினு இருந்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்க்கா" என்றாள். "ரோட்டுப் படத்துக்குப் பதிலா பக்கெட்டு வந்துச்சே, மொத நாளே எனக்கு என்னவோ போல இருந்துச்சு. அப்பா அப்பிடி எடுக்கமாட்டாருன்னு தோணுச்சு. போன எடுத்தேன். எடுத்துட்டு, தண்ணிதான் வருதே, நல்லாத்தான இருப்பாருன்னு வெச்சிட்டேன். ஒம்போது தடவையும் அப்பிடித்தான் வெச்சேன்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டாள், தன்னுடையதையும் கொடுத்தாள். "கூப்புடுங்கக்கா" என்றாள். "நீயும் கூப்புடு" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. பாப்பா இப்போதும் குழந்தையின் படம் போடுகிறாள். நடக்கிறது, பல் முளைத்திருக்கிறது, போன வாரம் காய்ச்சலோ என்னவோ நெற்றியில் துணி போட்டிருந்தது. கூப்பிட்டு என்னவென்று கேட்க வேண்டும் என்று போனை எடுத்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மறுநாள் குழந்தை சிரிக்கிற படம் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.